ஒயின் கடை விளம்பரமும் நான்காம் வகுப்புப் பிள்ளையின் மின்னஞ்சலும்

கேள்வி: மிச்சிகனில் நோவையில் இருக்கிறோம். ஆறு வருடமாக டெட்ராய்ட் வட்டாரத்துக்கென்று ஒரு சின்ன விளம்பரத் தளம் நடத்துகிறேன். மளிகைக் கடை, கேட்டரிங், டியூஷன், வீடு விற்பனை, வாடகைக்கு அறை, இந்த மாதிரி. வெள்ளிக்கிழமைதோறும் 2,340 பேருக்கு விளம்பர மெயில் போகிறது. இப்போது ஒரு ஒயின் கடைக்காரர் 12 வாரத்துக்கு 600 டாலர் தருகிறேன் என்கிறார். "அதைப் போட்டால் ஜெயில்கூட உண்டு, குழந்தைகள் ரிஜிஸ்ட்ரி என்று ஒரு சட்டம் இருக்கிறது" என்று கணவரின் நண்பர் பயமுறுத்துகிறார். என் பட்டியலில் இருப்பவர்கள் எல்லோரும் தாங்களாகச் சேர்ந்து, உறுதி செய்யும் லிங்கையும் அழுத்தியவர்கள். விளம்பரம் கடைக்காரருடையது, அனுப்புவது மெயில் சேவை நிறுவனம். இதில் நான் எங்கே வருகிறேன்? இன்னொன்று, பொங்கலுக்குக் குழந்தைகள் ஓவியப் போட்டி வைத்தோம். அந்த ஃபாரத்தில் வந்த 310 முகவரிகளையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன். அதில் ஏதும் தவறு உண்டா?

பதில்: வணக்கம் சகோதரி. "அதில் ஏதும் தவறு உண்டா" என்று கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். என் கண் முதலில் அங்கேதான் போய் நின்றது. அதற்குப் பிறகு வருகிறேன், முதலில் ஒயின்.

நண்பர் சொன்னது வதந்தி இல்லை. மிச்சிகன் 2004இல் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டுச் சட்டம் ஒன்றை இயற்றி, 2005இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே சமயத்தில் யூட்டாவும் கிட்டத்தட்ட அதே அச்சில் ஒன்றைக் கொண்டுவந்தது. வேறு சில மாநிலங்களும் யோசித்தன, ஆனால் இந்த இரண்டில்தான் பதிவேடு நிலைத்தது. பெற்றோர் தங்கள் பிள்ளை பார்க்கும் மின்னஞ்சல் முகவரி, கைபேசி எண், உடனடிச் செய்திக் கணக்கு, ஏன் ஃபேக்ஸ் எண்ணைக்கூட அரசுப் பதிவேட்டில் இலவசமாகப் பதியலாம். பள்ளிக்கூடங்களும் பதியலாம். ஒரு முகவரி பதிவேட்டில் ஏறி 30 நாள் கடந்துவிட்டால், சிறுவர்கள் வாங்கவோ பார்க்கவோ வைத்திருக்கவோ சட்டம் தடுக்கிற எந்தப் பொருளின் விளம்பரமும் அங்கே போகக் கூடாது. மது, புகையிலை, சூதாட்டம், ஆபாசம், துப்பாக்கி எல்லாம் இதில் அடக்கம்.

தண்டனையை அவர் மிகைப்படுத்தவில்லை. மிச்சிகனில் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்றாம் தடவை என்றால் மூன்றாண்டும் 30,000 டாலரும் வரை போகும். சிவில் பக்கம் தனி: ஒரு மெயிலுக்கு 5,000 டாலர் வரை கேட்டுப் பெற்றோரே வழக்குப் போடலாம். உங்களைப் போன்ற சிறு தளக்காரரை நாளைக்கே கைது செய்யக் காத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 600 டாலருக்காகச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஒன்றை "யார் பார்க்கப்போகிறார்கள்" என்று தள்ளிவிடவும் சொல்ல மாட்டேன். பார்க்கப்போவது போலீஸ் இல்லை, கோபத்தில் இருக்கும் ஒரு அம்மாவோ அப்பாவோதான்.

இனி, நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பது. மிச்சிகன் சட்டத்தின் வாசகம் அகலமானது. அனுப்பக் கூடாது, அனுப்பச் செய்யக் கூடாது, அனுப்ப வேறொருவரோடு கூட்டுச் சேரவும் கூடாது என்கிறது. இடையில் வெறுமனே கடத்திவிடுகிறவருக்கு விலக்கு உண்டு. உங்கள் மெயில் சேவை நிறுவனம் அந்தக் குடைக்குள் ஒதுங்கிக்கொள்ளும். உங்களால் ஒதுங்க முடியாது. பட்டியல் உங்களுடையது. எந்த விளம்பரம் போக வேண்டும் என்று முடிவு செய்வது நீங்கள், காசு வாங்குவது நீங்கள், வெள்ளிக்கிழமை காலை 'அனுப்பு' பட்டனை அழுத்துவதும் நீங்கள். கடைக்காரர் 'அனுப்பச் செய்தவர்'. அதனால் அவர் தப்பவும் இல்லை, அவர் மாட்டுவதால் நீங்கள் தப்பப்போவதும் இல்லை.

இந்த இடத்தில் பலர் கூட்டரசின் கேன்-ஸ்பாம் சட்டத்தை நீட்டுவார்கள். 2004 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் சட்டம் அது. உண்மையான அனுப்புநர் பெயர், ஏமாற்றாத தலைப்பு வரி, தபால் முகவரி, வேண்டாம் என்றவரை 10 வேலை நாளுக்குள் நீக்குவது, இவை அதன் கட்டளைகள். பல கடைகளின் விளம்பரம் ஒரே மெயிலில் போனால் யார் 'அனுப்புநர்' என்ற குழப்பம் இருந்தது. 2008இல் ஃபெடரல் டிரேட் கமிஷன், அதாவது வணிகத்தில் நுகர்வோரைப் பாதுகாக்கும் கூட்டரசு அமைப்பு, அதைத் தீர்த்து, 'ஃப்ரம்' வரியில் பெயர் இருக்கும் ஒருவர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம் என்றது. உங்கள் மெயிலில் அந்தப் பெயர் உங்களுடையதுதானே? ஆக அந்தச் சட்டத்திலும் முதலில் நிற்பது நீங்கள்தான்.

"மின்னஞ்சலுக்குக் கூட்டரசுச் சட்டம் இருக்கும்போது மாநிலச் சட்டம் எப்படிச் செல்லும்" என்று கேட்டு நீதிமன்றம் போனவர்களும் உண்டு. யூட்டா சட்டத்தை எதிர்த்து வயதுவந்தோர் பொழுதுபோக்குத் துறையின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2007இல் அங்குள்ள கூட்டரசு நீதிமன்றம் சட்டத்துக்கு இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. அதனால் கேன்-ஸ்பாமைப் பின்பற்றுகிறேன், அது போதும் என்று இருந்துவிட முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் வைத்திருக்க வேண்டும்.

எல்லோரும் லிங்கை அழுத்தி உறுதி செய்தவர்கள் என்று நம்பிக்கையோடு எழுதியிருக்கிறீர்கள். பிற விஷயங்களில் அது அருமையான பழக்கம், விடாதீர்கள். ஆனால் மிச்சிகன் சட்டம், பெறுகிற சிறுவரோ மூன்றாம் நபரோ கொடுத்த சம்மதம் தற்காப்பாகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறது. கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே குடும்ப ஜிமெயில். பிள்ளையின் டேப்லெட்டில் அந்தக் கணக்குதான் திறந்திருக்கிறது என்று அம்மா போன வருடம் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார். அப்பாவுக்கு அது தெரியாது. அவர் உங்கள் தளத்தில் சேர்ந்து, லிங்கை அழுத்தி, ஒயின் சலுகை வந்தால் சந்தோஷப்படுகிறவர். நீங்கள் அனுப்புகிறீர்கள். வீட்டில் யாருக்கும் மனக்குறை இல்லாமல்கூட இருக்கலாம், ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது மீறல். எனக்கு இந்த இடத்தில் சட்டத்தோடு முழு உடன்பாடு இல்லை. வயதுவந்தவர் தன் கணக்குக்குத் தானே கேட்டு வாங்குவதைத் தடுப்பது கொஞ்சம் அதிகம்தான். யூட்டா பின்னாளில் இதைச் சற்றுத் தளர்த்தியது. நீங்கள் இருப்பது மிச்சிகனில்.

சரி, விளம்பரம் போடவே முடியாதா? முடியும். பதிவேட்டோடு உங்கள் பட்டியலை ஒப்பிட்டு, அதில் இருக்கும் முகவரிகளைக் கழித்துவிட்டு அனுப்ப வேண்டும். 'ஸ்கிரப்' என்பார்கள். பதிவேட்டின் தளத்தில் அனுப்புநராகக் கணக்குத் தொடங்குகிறீர்கள். அவர்கள் தரும் மென்பொருள், உங்கள் கணினியிலேயே ஒவ்வொரு முகவரியையும் திரும்பப் பிரிக்க முடியாத ஒரு குறியீட்டுச் சரமாக மாற்றி அனுப்புகிறது. அங்கே பதிவேட்டிலும் அதே சரங்கள்தான் இருக்கின்றன. பொருந்துபவை கழிந்து மீதி திரும்பி வரும். ஒரு முகவரிக்கு மிச்சிகனில் 0.7 சென்ட் என்றும் யூட்டாவில் அரை சென்ட் என்றும் கட்டணம் வைத்தார்கள். கணக்குத் தொடங்கும் அன்றைய விகிதத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். இதை மாதம் ஒருமுறை செய்தாக வேண்டும், ஏனென்றால் போன மாதம் இல்லாத முகவரி இந்த மாதம் ஏறியிருக்கும்.

உங்கள் 2,340க்குக் கணக்குப் போட்டேன். மிச்சிகனுக்கு 16 டாலர் 38 சென்ட், யூட்டாவுக்கு 11 டாலர் 70 சென்ட், இரண்டும் சேர்ந்து மாதம் 28 டாலர் 8 சென்ட். யூட்டா எதற்கு என்பீர்கள். ஜிமெயில் முகவரியில் ஊர்ப் பெயர் ஒட்டியிருப்பதில்லை. உங்கள் பட்டியலில் இருக்கும் ஒரு குடும்பம் வேலை மாறி சால்ட் லேக் சிட்டிக்குப் போயிருக்கும், உங்கள் மெயில் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். 12 வாரம் என்றால் மூன்று முறை ஒப்பிட வேண்டும், சுமார் 84 டாலர். 600 டாலரில் அது போனால் மீதி உங்களுக்கு. கடைக்காரரிடம் இதைத் தனியாகக் கேட்டு வாங்குவதிலும் தவறில்லை; மது விற்கிறவருக்கு இந்த மாதிரிச் செலவுகள் புதிதல்ல.

இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு சங்கடமான விஷயம் இருக்கிறது. ஒப்பிடுவதற்கு முன்னால் இருந்த பட்டியலையும் பின்னால் வந்த பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், காணாமல்போன முகவரிகள் குழந்தைகள் பார்க்கும் முகவரிகள் என்று யாரும் சொல்லிவிடலாம். குறியீட்டுச் சரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் இந்தக் கழித்தல் கணக்கை அது தடுக்காது. 2005இல் இல்லினாய் மாநிலம் இதே போன்ற மசோதாவைப் பரிசீலித்தபோது, ஃபெடரல் டிரேட் கமிஷனின் அலுவலர்கள் இப்படிப்பட்ட பதிவேடு தவறானவர்கள் கையில் குழந்தைகளின் முகவரிப் பட்டியலாகிவிடும் ஆபத்து உண்டு என்று எழுதினார்கள். நான் அந்தக் கவலையின் பக்கம்தான். சட்டம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பின்பற்றியாக வேண்டும். ஆனால் கழிந்த முகவரிகளை நீங்கள் தனிக் கோப்பாகச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். "யாரெல்லாம் கழிந்தார்கள் பார்ப்போம்" என்று ஆர்வத்தில் கூடத் திறக்காதீர்கள். பதிவேட்டின் தகவலை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதே தனிக் குற்றம். ஒப்பிட்ட தேதியும் கட்டிய ரசீதும் மட்டும் பத்திரமாக இருக்கட்டும்.

(இந்தப் பதிவேடுகளை நடத்தும் ஒப்பந்தத்தை எடுத்தது அன்ஸ்பாம் என்ற நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேத்யூ பிரின்ஸ்தான் பிறகு, இணையத் தளங்களைத் தாக்குதலிலிருந்து காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தையும் கூட்டாகத் தொடங்கினார். இன்று உங்கள் தளத்துக்கு முன்னால் காவலுக்கு நிற்பதும் அதுவாக இருந்தால் ஆச்சரியமில்லை.)

ஒப்பிடும் வேலையே வேண்டாம், விளம்பரத்தைத் தளத்தில் மட்டும் போட்டுவிட்டு மெயிலில் ஒரு லிங்க் கொடுத்தால் போதாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். நேராகவோ சுற்றுவழியிலோ விளம்பரம் செய்வதும், விளம்பரத்துக்கு லிங்க் கொடுப்பதும் ஒன்றுதான் என்று சட்டம் சொல்கிறது. தப்பிக்கக் கொஞ்சம் இடம் தரும் சொல் அதில் ஒன்று உண்டு: அது அந்த மெயிலின் 'முதன்மை நோக்கம்' ஆக இருக்க வேண்டும். சமையல் குறிப்பு, ஊர்ச் செய்தி, நிகழ்ச்சி நிரல் என்று போகும் மெயிலின் அடியில் எங்கோ ஒரு ஒயின் கடை இருந்தால் அந்த வாதத்துக்குப் பலம் இருக்கும். உங்கள் மெயில் தலை முதல் கால் வரை விளம்பரம். தலைப்பு வரியில் "இந்த வாரம் ஒயினுக்குப் பாதி விலை" என்று கடைக்காரர் கேட்டபடி போட்டுவிட்டால் வாதம் அங்கேயே முடிந்தது. வக்கீல் கட்டணத்தை நினைத்துப் பார்த்தால் 84 டாலர் மலிவு. மெயிலையே தொடாமல் தளத்தின் பக்கத்தில் மட்டும் போடுவது இந்தச் சட்டத்துக்குள் வராது, அது வேறு.

ஒயின் என்றால் எல்லோருக்கும் பொறி தட்டும். தட்டாதவைதான் மாட்டிவிடும். சில வருடங்களுக்கு முன் கூப்பன் மெயில் அனுப்பும் ஒரு வாடிக்கையாளருக்கு நான் விளம்பரங்களைச் சரிபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மது, சிகரெட், வேப், மிச்சிகனில் 2021 ஜனவரியிலிருந்து நடக்கும் ஆன்லைன் கேசினோக்களின் கமிஷன் லிங்குகள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் பிரித்து வைத்தேன். அக்டோபர் வந்தது. தீபாவளிச் சிறப்பு மெயில். இனிப்புக் கடை, புடவைக் கடை, அவற்றுக்கு நடுவில் ஒரு பட்டாசுக் கடை. சரி என்று டிக் அடித்து அனுப்பிவிட்டேன். இரவு சோதனை மெயில் என் பெட்டிக்கு வந்தபோதுதான் உறைத்தது. நமக்குப் பட்டாசு என்றால் பிள்ளைகளின் சமாசாரம். மிச்சிகனில் வானவெடி வகைகளை 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது, ஆக அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இரவோடு இரவாகப் போன் போட்டு நிறுத்தினோம். காசு வாங்கிக்கொண்டு பார்க்கிற நானே கோட்டை விட்டேன் என்றால், உங்களுக்குத் தெரியவில்லை என்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லாட்டரி, கஞ்சா விற்பனையகம், துப்பாக்கிப் பயிற்சிக் கூடம் இவற்றின் விளம்பரம் வரும்போதும் நின்று யோசியுங்கள். உங்கள் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டிலும் இதே விளம்பரத்தைப் போடுவதாக இருந்தால், பதிவேட்டில் கைபேசி எண்களும் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

இப்போது அந்த 310.

உங்கள் போட்டி ஃபாரத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். பெயர், எந்த கிரேடு, மின்னஞ்சல், ஓவியத்தைப் பதிவேற்று, அவ்வளவுதான். 'கிரேடு' பெட்டியில் ஒரு பிள்ளை 4 என்று தட்டிய நொடியில், அந்தப் பிள்ளைக்கு 13 வயது ஆகவில்லை என்பது உங்களுக்குத் 'தெரிந்துவிட்டது' என்று கூட்டரசுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். குழந்தைகளின் இணையத் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்பது அதன் பெயர், காப்பா (COPPA) என்று சுருக்கிச் சொல்வார்கள், 1998இல் இயற்றப்பட்டு 2000 ஏப்ரலில் அமலுக்கு வந்த சட்டம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளையிடமிருந்து இணையத்தில் மின்னஞ்சல் போன்ற தனித் தகவலை வாங்கும் வணிகத் தளம், முன்கூட்டியே பெற்றோருக்குத் தெரிவித்து, சரிபார்க்கக்கூடிய சம்மதம் பெற வேண்டும். "அம்மாவிடம் கேட்டுவிட்டேன்" என்று பிள்ளையே ஒரு கட்டத்தை டிக் செய்வது சம்மதம் ஆகாது. போட்டி முடிவை ஒரே ஒரு தடவை தெரிவித்துவிட்டு முகவரியை அழித்துவிட்டிருந்தால், அதற்கென்று சிறு விதிவிலக்கு இருக்கிறது. வாராந்திர விளம்பரப் பட்டியலில் சேர்த்ததும் அந்த விதிவிலக்கு போய்விட்டது.

ஆகவே உங்கள் நிலைமை இதுதான்: ஒயின் விளம்பரம் போகப்போகிற பட்டியலில், பிள்ளைகள் தங்கள் கையால் தட்டிக்கொடுத்த முகவரிகள் கலந்து கிடக்கின்றன. பதிவேட்டோடு ஒப்பிட்டால் அவை கழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பெற்றோர் பதிந்தால்தான் பதிவேட்டில் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்கு இந்த வாரம்தான் தெரியும். அந்த 310 வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

காப்பாவில் சிறைப் பயம் கிடையாது, அபராதம்தான். 2019இல் யூடியூபுக்கு 17 கோடி டாலர் விழுந்தது இதே சட்டத்தில். உங்களை அதோடு ஒப்பிடுவது அபத்தம், இருந்தாலும் சட்டம் நிறுவனத்தின் அளவைப் பார்த்து விலகி நிற்பதில்லை. போட்டிப் பக்கத்தில் விளம்பர வலையமைப்பு எதனுடைய குக்கீ நிரலும் ஓடுகிறதா என்று உங்கள் வெப் டிசைனரைக் கேளுங்கள். 2013 முதல், அந்தக் குக்கீகள் ஒவ்வொரு பார்வையாளருக்கும் ஒட்டும் அடையாள எண்களும் தனித் தகவல்தான். 2025இல் திருத்திய விதிகள், பிள்ளைகளின் தகவலை விளம்பரத்துக்காக மூன்றாம் நிறுவனத்துக்குத் தருவதற்குப் பெற்றோரிடம் தனியாகச் சம்மதம் கேட்கச் சொல்கின்றன.

இந்த வெள்ளிக்கிழமை மெயில் போவதற்கு முன் அந்த 310ஐ நிறுத்திவையுங்கள். ஒயின் இல்லாவிட்டாலும் நிறுத்துங்கள். எப்படி அழிப்பது, பெற்றோருக்கு என்ன எழுதுவது என்பதை மிச்சிகனில் உரிமம் பெற்ற வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். நான் விளம்பரங்கள் சட்டப்படி இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் இணக்க ஆலோசகன், உங்கள் வக்கீல் அல்ல. அடுத்த பொங்கலுக்கு ஃபாரத்தைப் பெற்றோர் நிரப்புவதாக மாற்றுங்கள்: பெற்றோர் பெயர், பெற்றோர் மின்னஞ்சல், பிள்ளையின் முதல் பெயர், வயதுப் பிரிவு. காப்பா பிடிப்பது பிள்ளையிடமிருந்து வாங்குவதைத்தான். பெற்றோர் தாமே தரும் தகவல் அந்தக் கணக்கில் வராது. அப்படி வரும் முகவரியையும் "வார மெயில் வேண்டுமா" என்று தனியாகக் கேட்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஒயின் கடைக்கு என் யோசனை, தனிப் பட்டியல். "மது விற்பனைச் சலுகைகள் வேண்டும், எனக்கு 21 வயது ஆகிவிட்டது" என்று கேட்டுச் சேர்கிறவர்கள் மட்டும். 200 பேர்தான் சேர்வார்கள் என்றாலும் வாங்குகிறவர்கள் அவர்கள்தான், ஒப்பிடும் கட்டணமும் இரண்டரை டாலருக்குள் முடிந்துவிடும். சம்மதம் தற்காப்பாகாது என்பதால் அந்தப் பட்டியலையும் மாதாமாதம் ஒப்பிட்டே ஆக வேண்டும். வயது குறைந்தவர்களுக்குத் தடை செய்யப்பட்ட பொருள் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஒப்பிடும் செலவு விளம்பரதாரருடையது என்று உங்கள் விளம்பர ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். நஷ்டஈட்டைக் கடைக்காரர் ஏற்பார் என்றும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அது பணத்துக்கு மட்டும்தான். குற்ற வழக்கு வந்தால் உங்களுக்குப் பதில் அவர் போய் நிற்க முடியாது.

அவரிடம் ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள். உரிமம் வாங்கிக் கடை நடத்துகிறவர், 21 வயது அட்டையைப் பார்க்காமல் ஒரு பாட்டிலும் கை மாற்றாதவர். நீங்கள் எதற்குத் தயங்குகிறீர்கள் என்பது அவருக்கு உடனே புரியும்.